கண்டாவளைக்குக் கம்பாலாவைக் காட்டிய கதை

வரம்பில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த சின்னத்தம்பியர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“ஆள் எப்பிடித் தம்பி?”

நெல் கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நின்றது. முதல்நாள் பெய்த மழையில் வரம்பு வழுக்கியது. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, கால்விரல் இடுக்குகளில் சேறு பிதுங்க அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வயல் பார்த்துவிட்டு வருவோம் என்று அவர் என்னைத் தனியே கூப்பிட்டபோதே இந்தக் கேள்விக்குத்தான் என்று தெரியும்.

“ஊர் நல்ல ஊர் ஐயா,” என்றேன்.

கம்பாலாவில் பார்த்த இடங்களைப் பற்றி எழுதுங்கள் என்று இந்தத் தொடரை வாசிக்கிற சிலர் விடாமல் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் கம்பாலா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கண்டாவளை வரம்பும் சேறும்தான். அதற்கு நான் என்ன செய்ய? அதிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

சிங்கம் பாத்தனீரோ?

உகண்டாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில், அதன் தலைநகரமான கம்பாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதல் லீவில் கிளிநொச்சிக்கு வந்து இறங்கிய நேரம் முதல் ஒரே விசாரணை. சந்தைக்குப் போனால் விசாரணை, கோயிலுக்குப் போனால் விசாரணை, தலைமயிர் வெட்டப் போய் இருந்தால் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு விசாரணை.

“சிங்கம் பாத்தனீரோ?”

பார்த்தேன், கூட்டுக்குள்ளே, என்றால் முகம் வாடிவிடும். அதற்காக ஒரு சிங்கத்தையாவது தெருவில் விட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கே தோன்றும். யானையைப் பற்றிக் கேட்டவர்கள் வேறு ரகம். அங்கையும் வயலுக்கை இறங்குமோ, வெடி கொளுத்தினால் போகுமோ என்று, ஒரே வருத்தக்காரர் இருவர் ஆஸ்பத்திரியில் சந்தித்ததுபோல அனுதாபத்தோடு கேட்டார்கள்.

சொன்னதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்தது. மற்றவர்கள் லீவில் வந்து இளைப்பாறுவார்கள். நான் வேலைக்குத் திரும்பினால்தான் ஆறலாம் என்ற நிலைமை.

இவ்வளவு கதைத்த வாய்க்கு, சொல்லவேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை. அதைச் சொல்லவேண்டிய ஆள் என் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு ஒரே மகன். சச்சிதானந்தன், எனக்குச் சச்சி அண்ணை. எனக்கு முன்பே கம்பாலாவுக்குப் போய் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவர். அங்கே எஸ்தர் என்ற பள்ளிக்கூட ஆசிரியையைச் சேர்ச்சில் வைத்து முறையாகக் கல்யாணம் கட்டியிருந்தார். செல்வி என்று ஒரு பெண் குழந்தையும் இருந்தது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

பொம்பிளை பார்க்கவோ என்று பெரியம்மா ஒவ்வொரு முறையும் எழுதிக் கேட்பார். சச்சி அண்ணை மழை, வெயில், தடிமன் எல்லாவற்றையும் எழுதுவார். அதற்கு மட்டும் பதில் எழுதமாட்டார். பதில் வராததைப் பெரியம்மா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

“நீ போய் அம்மாவுக்கு எப்பிடியெண்டாலும் சொல்லு,” என்று, நான் லீவுக்கு வெளிக்கிட்ட அன்று கம்பாலாப் புகையிரத நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் அண்ணை. நாற்பதை எட்டிப் பார்க்கிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பெடியன் மாதிரி நின்றார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சொல்லத்தான் பார்த்தேன். “பெரியம்மா, சச்சி அண்ணைக்கு அங்கை...” என்று தொடங்குவேன்.

“அங்கை அவன் தனியக் கஷ்டப்படுறான். எனக்குத் தெரியாதே? அதுக்குத்தானே பாக்கிறன்,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். திரும்பி வரும்போது கையில் எனக்குத் தின்ன ஏதாவது இருக்கும். படிக்கிற காலம் முழுக்க அந்தக் குசினிச் சோற்றில் வளர்ந்தவன் நான். வாயில் பணியாரத்தை வைத்துக்கொண்டு அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது?

ஒருநாள் விடிய, வெளிக்கிடு என்றார். கண்டாவளைக்குப் பொம்பிளை பார்க்கப் போகிறோமாம். “அங்கத்தையான் நிலைமை நீதான் சொல்லவேணும்.”

பூநகரியில் மீன் நல்லது

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

கல்யாணம் பேசுகிற காலத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் விசாரிப்பார்கள். அயலில் உள்ளவரிடம், ஆள் எப்படி என்று கேட்பார்கள். ஆள் சரியென்றால், “தங்கமான பெடியன்” என்று நேரே பதில் வரும். சரியில்லை என்றால் ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள். சொன்னால் கலியாணம் குழப்பி என்ற பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் வந்தவன் வீட்டுப் படலையை நல்ல காரியத்துக்கு ஒருத்தரும் திறக்கமாட்டார்கள். அதனால் ஆளைக் கேட்டால் ஊரைச் சொல்வார்கள். கிணறு நல்ல தண்ணீர், கோயில் கிட்ட, நெல் நன்றாக விளையும். கேட்டவர் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழும்பிவிடுவார். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

என் அக்காவுக்குப் பூநகரியில் ஒரு சம்பந்தம் பேசியபோது அப்பு விசாரிக்கப் போனார். பூநகரிக்கு அந்தக் காலத்தில் பஸ் என்பது நேர்த்திக்கடன் மாதிரி. நினைத்துக்கொண்டு இருக்கவேண்டும், எப்போது நிறைவேறும் என்று தெரியாது. போன மனிதர் பொழுதுபட்டுத்தான் வந்தார். ஆள் எப்படியாம் என்று அம்மா கேட்டார்.

“மீன் நல்ல மீனாம். காத்து நல்ல காத்தாம். அந்தப் பழைய கோட்டையும் பாக்க வடிவாம்,” என்றார் அப்பு.

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு வேறு இடம் பார்த்தார்கள். அந்தப் பூநகரிக்காரன் குடித்தானா, சூது விளையாடினானா, எங்களுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. கோட்டை வடிவாக இருந்தது மட்டும் தெரியும்.

ஆகவே, பரந்தன் சந்தியில் புதுக்குடியிருப்பு பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது நான் முடிவெடுத்திருந்தேன். கேட்டால் ஊரைச் சொல்வேன். பெரியம்மாவுக்கு நேரே அடி விழாது. அந்தப் பெண், இன்னொருத்தி குடியிருக்கிற வீட்டுக்குக் கடல் கடந்து போய் இறங்கமாட்டாள். எனக்கும் பெயர் கெடாது.

வயலுக்கு விடாத குளம்

“ஊர் நல்ல ஊர்,” என்று நான் சொன்னதும் பெண்ணின் தகப்பன் சின்னத்தம்பியர் நின்றார். திரும்பினார். வீட்டுப் பக்கம் நடக்கப்போகிறார், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

“எப்பிடி நல்ல ஊர்? சொல்லும் பாப்பம்,” என்றார். கண் இரண்டும் பளபளத்தன.

சரி, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும்போல என்று நினைத்து, பெரிய குளம் ஒன்று இருக்கிறது என்றேன். அதுதான் நான் விட்ட பிழை. தண்ணீருக்காகக் குடாநாட்டை விட்டுக் காடு வெட்டிக் குடியேறிய மனிதரிடம் விக்டோரியா ஏரியின் கதையை எடுக்கலாமா?

“எங்கடை இரணைமடுக் குளத்தின்ரை அளவு வருமோ?”

“கரை தெரியாது ஐயா. கடல் மாதிரி. ஆனா நல்ல தண்ணி.”

“நிரம்பி வான் பாயுமோ?”

“பாயும். அது வான் பாயிற இடத்திலை இருந்துதான் நைல் நதி தொடங்குது. ஜிஞ்சா எண்ட இடத்திலை பெரிய அணை கட்டிக் கதவு போட்டிருக்கினம்.”

“வயலுக்குத் தண்ணி திறக்க எத்தினை துருசு?”

“வயலுக்கு விடுறேல்லை ஐயா. கரண்ட் எடுக்கினம்.”

அவர் வரம்பிலேயே குந்திவிட்டார். வயலுக்கு விடாத குளம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

“அப்ப அந்தத் தண்ணியை ஆர் பாவிக்கிறது?”

“எகிப்துக்காரர். அங்காலை, கடைசியிலை.”

“கடை வாய்க்கால்காரனுக்குத் தண்ணி போய்ச் சேருதோ!” என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “இஞ்சை எங்களுக்கு வாறதுக்கிடையிலை மேல்வாய்க்கால்காரர் உறிஞ்சி முடிச்சிடுவினம் தம்பி. நல்ல ஊர்தான். மெய்யாவே நல்ல ஊர்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூநகரி என்றால், புதுக்குடியிருப்பு என்றால், இந்த மனிதருக்கு உடனே பிடிபட்டிருக்கும். கம்பாலாவோ அவர் காணாத ஊர். நான் அடைக்க வைத்த கதவுக்குள்ளால் அவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே மேலே சொன்னேன். மேலே மேலே கேட்டார். களைத்துப்போனேன்.

“வாரும், உள்ளுக்கை வந்து இவையளுக்கும் சொல்லும்,” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மலைக்கு ஒரு சாமி

உண்மையைச் சொன்னால், கம்பாலாவை எனக்குக் காட்டியது சச்சி அண்ணையும் எஸ்தரும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவர்களுடைய பழைய மொரிஸ் காரில் வந்து கூப்பிடுவார்கள். எஸ்தர் தோளில் கூர் வைத்துத் தைத்த, நிலம் முட்டுகிற அவர்களுடைய நல்ல நாள் சட்டையில் இருப்பார். செல்வி பின் சீற்றில், எனக்குப் பக்கத்தில்.

ஊர் முழுக்க மலைகள். ஒரு மலையில் செங்கல்லால் கட்டிய பெரிய சேர்ச். பூசைக்கு அங்கே முரசு அடிப்பார்கள். இன்னொரு மலையில் வெள்ளைப் பள்ளிவாசல். மற்றொன்றில் கத்தோலிக்கர். கீழே பட்டணத்துக்குள் குஜராத்திக்காரர் கட்டிய கோயில். அங்கே சாமி சலவைக்கல்லில் பொம்மைபோலச் சிரித்துக்கொண்டு நிற்கும். எங்கள் பிள்ளையாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சாமி என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

“மலைக்கு ஒரு கடவுள். சண்டை வராமலிருக்கத் தூரத் தூர வைத்திருக்கிறோம்,” என்பார் எஸ்தர். “உங்கள் ஊரில் எத்தனை மலை?”

மலையே இல்லை என்றேன்.

“அப்படியானால் எதிலே ஏறி ஊரைப் பார்ப்பீர்கள்?”

குளக்கட்டில், என்று சொன்னேன். அவருக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. வீடு போய்ச் சேரும்வரைக்கும் அடிக்கடி சொல்லிச் சிரித்தார்.

அரசர்களைப் புதைத்த வீடு ஒன்றும் இருந்தது. புல்லால் வேய்ந்த கூரை, நிலத்தைத் தொடுகிற மாதிரி இறங்கி நிற்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போகவேண்டும். நல்ல இருட்டு, காய்ந்த புல்லின் மணம். காவலிருக்கும் பெண்கள் பாயில் இருப்பார்கள். நாங்களும் இருந்தோம். செல்வி அந்தப் பாயில் நித்திரையாகிப்போனாள். எழுப்பவேண்டாம் என்று காவல்காரப் பெண் கையைக் காட்டினார். அந்தக் குளிர்மையில் பேசாமல் இருந்தோம். கம்பாலாவில் நான் கண்ட இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதன் பிறகு எவ்வளவோ ஊர்களுக்குப் போயிருக்கிறேன், அவ்வளவு ஆறுதலாக எங்கேயும் இருந்ததில்லை.

தேத்தண்ணி

சின்னத்தம்பியர் வீட்டில் பெரியம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். வீட்டுக்காரி பக்கத்தில். எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மகள் தவமலர் அறைக் கதவடியில் நின்றாள். எஸ்.எஸ்.சி. வரைக்கும் படித்த பிள்ளை. வந்ததிலிருந்து அவள் வாய் திறந்து நான் கேட்கவில்லை.

“தம்பி, அந்தக் குளத்தைச் சொல்லும்,” என்றார் தகப்பன்.

சொன்னேன். மலைகளைச் சொன்னேன். அரசர் வீட்டைச் சொன்னேன். கிடுகோ புல்லோ, எத்தனை வருடத்துக்கு ஒருக்கால் வேய்வார்கள் என்று இடையில் ஒரு விசாரணை நடந்தது. எல்லா இடத்திலும் “நாங்கள் போனனாங்கள், நாங்கள் பாத்தனாங்கள்” என்றே சொல்லிக்கொண்டு போனேன். நாங்கள் என்ற சொல்லுக்குள் எத்தனை பேரையும் மறைத்து வைக்கலாம்.

பெரியம்மா பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் இருக்கிற ஊர் அல்லவா.

“பூமத்திய ரேகை எண்டு படிச்சிருப்பியள். அது அந்தப் பக்கத்தாலைதான் போகுது. றோட்டுக் கரையிலை சீமெந்திலை வளையம் கட்டி அடையாளம் வைச்சிருக்கினம்,” என்றேன்.

“கோடு தெரியுமோ?” என்றார் சின்னத்தம்பியர்.

“நிலத்திலை கீறி விட்டிருக்கினம் ஐயா. கோட்டுக்கு இங்காலை ஒரு காலும் அங்காலை ஒரு காலும் வைச்சுக்கொண்டு நிண்டு, காரிலை ஏறமாட்டன் எண்டு ஒரே சிரிப்பு. அவ்வளவு சிரிச்சுது.”

எனக்கே தெரியாது, வாய் தவறியதா, வாய்க்குக் களைப்பு வந்ததா என்று. சின்னத்தம்பியரும் சிரித்தார். அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று தேத்தண்ணியை எடுத்தேன்.

“ஆர் சிரிச்சது, அண்ணை?”

கதவடியிலிருந்து வந்தது குரல். பெரிய குரல் அல்ல. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

சச்சி அண்ணை சிரித்திருந்தால் “சிரிச்சார்” என்று சொல்லியிருப்பேன். நான் சிரித்திருந்தால் “சிரிச்சனான்.” “சிரிச்சுது” என்று குழந்தைக்குத்தான் சொல்வோம். வினைச்சொல்லின் வாலில் கிடந்ததை அந்தப் பிள்ளை பிடித்துவிட்டாள்.

கோப்பையைக் கீழே வைத்தேன். கலியாணம் குழப்பி என்ற பெயரும், பணியாரமும், புகையிரத நிலையத்தில் அண்ணை நின்ற நிலையும் எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்குள் வந்தன. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது அவளுடைய வாழ்க்கை. இனிமேல் காட்டுவதற்கு என்னிடம் இடம் ஒன்றும் மிச்சமில்லை.

“சச்சி அண்ணையின்ரை மகள்,” என்றேன்.

“என்ன தம்பி சொல்லுறீர்?” என்றார் சின்னத்தம்பியர்.

“அவருக்கு அங்கை குடும்பம் இருக்கு அப்பா. அதைத்தான் சொல்லுறார்,” என்றாள் தவமலர்.

சின்னத்தம்பியர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே வயல் பக்கம் பார்த்தார்.

“அப்ப, வரம்பிலை நான் ஆளைக் கேக்க நீர் ஊர் நல்ல ஊர் எண்டது...”

“ஓம் ஐயா.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நான் ஊரையெல்லே பாத்துக்கொண்டு நிண்டுட்டன்!”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாகுது,” என்று எழும்பினார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

படலைவரைக்கும் தவமலர் வந்தாள்.

“அந்த அக்காவுக்கு இது தெரியுமோ, இஞ்சை பொம்பிளை பாக்கினம் எண்டு?”

தெரியாது என்றேன்.

“தெரிய வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த தையில் அவளுக்கு முரசுமோட்டையில் நல்ல இடத்தில் ஒழுங்காகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். சந்தோஷமாக இருந்தது. அந்த நாளை நினைக்க எனக்குச் சந்தோஷம் தருவது அது ஒன்றுதான்.

மதகு

பெருந்தெருவுக்கு வந்து மதகில் இருந்தோம். பஸ்ஸைக் காணவில்லை. கீழே வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் ஓடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியம்மா குடையை விரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஏசுவார் என்று காத்திருந்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தாய் என்று சொல்வார், அழுவார், மண்ணை அள்ளித் தூற்றுவார் என்றெல்லாம் நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு மாட்டுவண்டி போனது. சைக்கிளில் ஒருத்தர் வாழைக்குலை கட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்படியே அந்த மதகில் படுத்துவிடலாம்போல அலுப்பாக இருந்தது.

தூரத்தில் பஸ்ஸின் சத்தம் கேட்டபோதுதான் பெரியம்மா வாயைத் திறந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

“அது தமிழ் கதைக்குமோ?”

“கனக்கத் தெரியாது பெரியம்மா,” என்றேன். “வா எண்டு கூப்பிட்டா வரும்.”

பெரியம்மா தலையை ஆட்டினார். பஸ் வந்து நின்றது, ஏறினோம். அதற்குப் பிறகும் அவர் கன வருடம் உயிரோடு இருந்தார். செல்வியைக் கூப்பிடவில்லை.